திருடன் முறித்த ஸ்டியரிங் லாக்கும் கரூர் ரோட்டுப் பட்டறையும்

ஈரோட்டில் கரூர் ரோட்டில், சோலாருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு லேத் பட்டறையை ஒட்டினாற்போல் தகரக் கூரை போட்ட இடம் ஒன்று இருக்கிறது. போர்டு கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் ‘ஸ்டியரிங் பட்டறை’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘லாக் போடற அண்ணன் கடை’. பழைய வண்டிகளின் ஸ்டியரிங், இக்னிஷன் லாக், கதவு லாக், இவ்வளவுதான் அவர் வேலை. இன்ஜினைத் தொட மாட்டார், ஆயில் மாற்றச் சொன்னால்கூட எதிர்க் கடையைக் கைகாட்டிவிடுவார். போன ஐப்பசியில் எங்கள் 98 மாடல் மாருதி ஜென்னை அங்கே விட்டு, ஒன்பது நாள் கழித்து எடுத்து வந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை சுத்தம், நேரம் மோசம். அவசரமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், மீதி எல்லாம் விவரம்தான்.

கல்யாணம் என் பெரியம்மா பேத்திக்கு. பெருந்துறை ரோட்டில் மண்டபம். வாசலில் இன்னோவாக்களுக்கே இடம் பத்தவில்லை, நம் ஜென்னை யார் உள்ளே விடப்போகிறார்கள் என்று பக்கத்துச் சந்தில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ராத்திரி ஒறம்பரையோடு ஒறம்பரையாக மண்டபத்திலேயே படுத்துக்கொண்டோம். காலை நாலரைக்கு வண்டியிலிருந்த சீர்ச்சாமான் எடுக்கப் போனால் டிரைவர் பக்கக் கதவு ஒரு விரல்கடை திறந்திருக்கிறது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கவர் ரெண்டாக உடைந்து கிளட்ச் பெடல் மேல் கிடக்கிறது. சாவி போடும் இடத்தில் மஞ்சள் பிடி போட்ட ஸ்குரூ டிரைவர் ஒன்று குத்தியபடி நிற்கிறது. ஒயர் கொத்து கோழிக்குடல் மாதிரி தொங்குகிறது, வைப்பர் குச்சி ஒடிந்து சீட்டில் கிடக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஒரு நூல்கூட அசையவில்லை, சக்கரம் இடது பக்கம் கால்வாசி திரும்பியபடி கல்லாகி நிற்கிறது.

பாவம், ரொம்பத்தான் பாடுபட்டிருக்கிறான். சாவித் துவாரத்தை உடைத்துவிட்டான், ஒயரையும் பிடுங்கி எதையோ எதோடோ முடிந்திருக்கிறான், ஸ்டியரிங் பூட்டையும் ஆள் பலத்தில் முறித்துப் பார்த்திருக்கிறான். ஆனால் வண்டி கிளம்பவில்லை. காரணம் எங்கள் அப்பா. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, வண்டியை ராத்திரிக்கு எங்கே நிறுத்தினாலும் பானெட்டைத் தூக்கி, பத்தாம் நம்பர் ஸ்பேனர் போட்டு பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஓரமாக மடக்கி வைத்துவிடுவார். பேட்டரி இறங்கிவிடுமாம். இருபது வருஷமாக இதற்காக அவரை நாங்கள் எல்லோரும் பேசாத பேச்சில்லை, அன்றைக்கும் மண்டபத்தில் எல்லோரும் பட்டுவேட்டியோடு காத்திருக்க இவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். திருடனுக்கு மட்டும் பானெட்டைத் திறந்து பார்க்கத் தோன்றியிருந்தால் வண்டி காலையில் எந்த ஊரில் இருந்திருக்குமோ.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, அதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டோம். இது எல்லோரும் செய்ய வேண்டியது, திருட்டுப் போகவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. நாளைக்கே வேறெங்காவது அதே கை வண்டியை எடுத்துப்போனால் முன்கதை ஒன்று காகிதத்தில் இருக்கும். அப்புறம் வண்டியை நகர்த்துவதுதான் பாடாகிவிட்டது. முன் சக்கரம் திரும்பியபடி பூட்டிக்கொண்டால் கயிறு கட்டி இழுக்க வழியில்லை, இழுத்தால் நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டிக்கு 1,500 ரூபாய்.

முதலில் போனது இந்தப் பட்டறைக்கு இல்லை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குத்தான் போனோம், பேர் வேண்டாம். ஏ.சி. ரூமில் உட்காரவைத்து, டேப்லெட்டில் போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு, ‘ஸ்டியரிங் காலம் அசெம்பிளியே மாத்தணும் சார், 18,000 ஆகும், பார்ட்டு எப்ப வரும்னு சொல்ல முடியாது’ என்றார்கள். காலம் (column) என்பது ஸ்டியரிங் வீலையும் அதன் தண்டையும் தாங்கும் குழாய். பழைய ஜென் 2006-லேயே நின்றுபோன வண்டி, அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: ‘என்ன கண்ணு சொல்றாங்க?’ ‘காலம் கெட்டுப்போச்சாம்ப்பா, மாத்தோணுமாம்’ என்றேன். ‘அது தெரிஞ்ச விசயந்தானே, அதுக்கா இத்தன நேரம்?’ என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா நிஜமாகத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரெண்டாவதாகப் பார்த்தது ரோட்டோர மெக்கானிக் ஒருவரை. அவர் அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார், 700 ரூபாய். லாக்கோட பின்னை கட்டிங் மெஷினில் அறுத்துவிடுவது, சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு டேஷ்போர்டில் ஒரு தட்டுச் சுவிட்சும் ஒரு பட்டனும் வைத்துவிடுவது. கூட வந்த மாமா ஒருவர் ‘மாப்ளே, இதுதான் ரோசனை, பழைய வண்டிக்கு இதுக்கு மேல எதுக்கு?’ என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் மச்சான் ஒருவனுக்குச் சும்மா போன் போட்டுக் கேட்டதில்தான், ‘எதையும் அறுக்க உடாதீங்க, நான் சொல்ற எடத்துக்குக் கொண்டுபோங்க’ என்று இந்தக் கரூர் ரோட்டுப் பட்டறையைச் சொன்னான்.

அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வண்டியை இறக்கியதும் என்ன ஆச்சு ஏது ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்தார். ‘இதை யாருங்க கழட்டுனது?’ அப்பா கையைத் தூக்கினார். ‘பெரியவரே, வண்டியக் காப்பாத்துனது நீங்கதானுங்க’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அப்பா இந்தக் கடைக்கு அஞ்சுக்கு ஆறு மார்க் கொடுப்பார், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து, தலையைப் பெடலுக்குக் கீழே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னையும் படுக்கச் சொன்னார். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நானும் படுத்தேன். சாவி போடும் லாக் என்று நாம் சொல்வது வெறும் சுவிட்ச் இல்லை. அலுமினிய வார்ப்பில் செய்த ஒரு கூடு, ஸ்டியரிங் தண்டைக் கவ்வி உட்கார்ந்திருக்கிறது. சாவியை எடுத்ததும் அதற்குள்ளிருந்து விரல் நுனி அளவு இரும்பு நாக்கு ஒன்று வெளியே வந்து தண்டில் இருக்கும் பள்ளத்தில் விழுந்துவிடும், அதுதான் ஸ்டியரிங் பூட்டிக்கொள்வது. சாவியைப் போட்டுத் திருப்பினால் நாக்கு உள்ளே போகும், வண்டி ஓடும் நேரமெல்லாம் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. எங்கள் வண்டியில் திருடன் ஸ்டியரிங்கைப் பிடித்து இந்தட்டமும் அந்தட்டமும் முறுக்கியதில் நாக்கு வளைந்து பாதியிலேயே சிக்கிக்கொண்டிருந்தது, வார்ப்பில் முடி மாதிரி ஒரு விரிசல்.

‘பாருங்க தம்பி, இந்தக் கொக்கி பேந்துபோச்சு. இப்ப இதைத் தட்டிக்கொட்டி எளக்கி உட்டம்னா வண்டி ஓடும். ஆனா நீங்க பவானி பாலத்து மேல வளைவுல திரும்பும்போது இந்த நாக்கு அதும்பாட்டுக்கு வந்து உழுந்துச்சுன்னு வெச்சுக்கங்க...’ என்று நிறுத்திவிட்டார். மீதியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இந்த நாக்கை, அதாவது பின்னை, அறுக்கச் சொன்ன கதையைச் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கடையைப் பற்றி நான் எழுதுவதற்கே காரணம். பின்னை அறுத்தால் ஆபத்து இருக்காது, ஆனால் பூட்டும் இருக்காது, அடுத்த திருடனுக்கு வேலை மிச்சம். தட்டுச் சுவிட்ச் அதைவிட மோசம். சாவிச் சுவிட்ச் வழியாகத்தான் வண்டியின் முக்கால்வாசிக் கரண்ட்டு போகிறது, அதை வீட்டு லைட்டுக்குப் போடுகிற மாதிரி இருக்கும் சுவிட்சில் விட்டால் சூடாகிச் சூடாகி ஒருநாள் டேஷ்போர்டுக்குப் பின்னால் உருக ஆரம்பிக்கும். ‘அப்படி வேணும்னா வேற ஆளப் பாருங்க, நான் செய்யறதில்லீங்க. லாக்கை எடுத்தா லாக்கைத்தான் வெப்பேன்.’ வாடிக்கையாளர் கையில் பணம் வைத்துக்கொண்டு நிற்கும்போது இப்படிச் சொல்லும் கடைக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ரெண்டு போல்ட்டுகள். லாக் கூட்டை ஸ்டியரிங் தண்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது ரெண்டே ரெண்டு போல்ட். அதற்குத் தலை கிடையாது, ஸ்பேனர் போட இடமே இல்லாமல் மொழுக்கென்று இருக்கும். கம்பெனியில் மாட்டும்போது தலையோடுதான் வருமாம். முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தலை மட்டும் முறிந்து விழுந்துவிடும், அப்புறம் யாரும் சாதாரணமாகக் கழற்ற முடியாது. திருடனுக்காகவே செய்த போல்ட் அது. அண்ணன் சென்டர் பஞ்சை ஓரமாகச் சாய்த்து வைத்து, சின்னச் சுத்தியலால் டொக் டொக்கென்று இடப்பக்கமாகத் தட்டித் தட்டி முதல் போல்ட்டைப் பத்தே நிமிஷத்தில் சுழற்றிவிட்டார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு இம்மி நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது. பெரிய சுத்தியலை எடுத்து ரெண்டு போடு போட்டால் என்ன என்று நான் கேட்டதற்குப் பக்கத்தில் நின்ற பையன் சிரித்துவிட்டான். இந்த மாதிரி வண்டியில் ஸ்டியரிங் காலம் கெட்டியான ஒற்றைக் குழாய் இல்லையாம். முன்னால் பெரிதாக மோதினால் ஓட்டுகிறவர் நெஞ்சில் ஏறாமல் அது தன்னாலேயே உள்வாங்கிச் சுருங்க வேண்டும், அதற்காகச் சில இடங்களில் வேண்டுமென்றே மென்மையாக விட்டிருக்கிறார்கள். காட்டடி அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அந்தப் பிடிமானம் விட்டுப்போயிருக்கும். இதனால்தான் ஸ்டியரிங் வீலைக் கழற்றவும் அவர் தண்டின் நுனியில் சுத்தியல் போடாமல் புல்லர் மாட்டித்தான் எடுத்தார். நம்மூரில் எத்தனை பேர் முட்டிக்காலை வைத்து முட்டி, தலையில் ரெண்டு அடி அடித்து வீலை எடுத்திருப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

ரெண்டாவது போல்ட் மசியவில்லை. ஹேக்சா பிளேடை உடைத்துத் துணி சுற்றிக்கொண்டு அதன் மண்டையில் ஒரு கோடு அறுத்து, ஸ்குரூ டிரைவர் போட்டு எடுத்தார். இதற்கே ஒன்றரை மணி நேரம். இதையெல்லாம் டிரில் போட்டால் சீக்கிரம் முடியாதா என்றேன். ‘முடியுமுங்க, தூளு பூரா உள்ள போயி உக்காந்துக்கும்’ என்றார்.

கழற்றிய காலத்தை அப்படியே பக்கத்து லேத்துக்கு எடுத்துப்போய் வி பிளாக்கில் படுக்கவைத்து, டயல் கேஜ் முள்ளைத் தண்டின் மேல் உட்காரவைத்து மெதுவாக உருட்டிப் பார்த்தார்கள். வளைந்திருந்தால் முள் ஆடும். ஆடவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் நாக்கு இடித்து உதடு மாதிரிப் பிதுங்கியிருந்ததை எண்ணெய்க்கல் போட்டு வழித்துவிட்டார். காலத்தைத் தாங்கும் பிராக்கெட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சின்னக் கட்டைகள் ரெண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று நகத்தால் தட்டிப் பார்த்தார். ‘காலம் நல்லாத்தான் இருக்குதுங்க, மாத்த வேண்டியதில்ல.’ 18,000 ரூபாய் அந்த ஒரு வரியில் போயிற்று.

லாக் மட்டும் புதுசு, மிண்டா கம்பெனி, 1,650 ரூபாய். பழைய ஸ்பேரில் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டதற்கு, லாக்கில் மட்டும் பழசு வாங்க மாட்டாராம். யார் வண்டியிலிருந்து எப்படி வந்ததோ, அதற்கு இன்னொரு சாவி யார் பையில் இருக்கிறதோ. நியாயம்தான். கீழ்க் கவருக்கும் வைப்பர், இன்டிகேட்டர் குச்சிகள் சேர்ந்த சுவிட்சுக்கும் பழசு போதும் என்று சொல்லி என்னையே கோயமுத்தூருக்கு அனுப்பினார். உக்கடத்தில் பழைய ஸ்பேர் கடைகளில் அரை நாள் அலைந்து, மூன்றாவது கடையில் சுவிட்ச் 600-க்கும் கவர் 250-க்கும் வாங்கினேன். கவர் சாம்பல் நிறம், வண்டிக்குள் மற்றதெல்லாம் கறுப்பு. வெள்ளைச் சட்டைக்குக் காக்கி ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது, தினமும் கண்ணில் படுகிறது, கறுப்புப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று நினைத்து நினைத்து இன்னும் அடிக்கவில்லை.

இனி வரும் ஒரு வேலைக்கு இவர் காசே கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்துக் கொடுத்தேன். புது லாக்கென்றால் புதுச் சாவி, கதவுக்கு ஒன்று வண்டிக்கு ஒன்று என்று ரெண்டு சாவி வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா முகத்தை அண்ணன் பார்த்திருப்பார்போல, அந்தப் பழைய சாவி இருபத்தேழு வருஷமாக அவர் இடுப்புப் பச்சை பெல்ட்டில் தொங்குகிறது. ‘அதைக் குடுங்க’ என்று வாங்கிக்கொண்டார். புது லாக்கின் உருளையைப் பிரித்து, டிபன் பாக்ஸ் மூடி ஒன்றில் கொட்டினார். உள்ளே தகடு தகடாக, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாகப் பித்தளைத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் கீழே முடியளவு ஸ்பிரிங். பழைய சாவியை உருளையில் விட்டுப் பார்த்து, எந்தத் தகடு துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதை எடுத்து, பழைய லாக்கிலிருந்து தேறிய தகடுகளில் பொருந்துவதை மாற்றி மாற்றிப் போட்டார். பொருந்தாத ரெண்டை மட்டும் அரத்தில் லேசாகத் தீட்டினார். நடுவில் ஒரு ஸ்பிரிங் துள்ளிப் போய்விட்டது. ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணியில் சுற்றித் தரையெல்லாம் தடவி, இரும்புத்தூளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்தான் பையன், அதற்கு இருபது நிமிஷம். எல்லாம் முடிந்து அப்பாவின் தேய்ந்த சாவியைப் போட்டுத் திருப்பினால் வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரித் திரும்புகிறது. திருடன் வருவதற்கு முன்னால்கூட அது இவ்வளவு சுகமாகத் திரும்பியதில்லை.

மாட்டும்போது புதுத் தலைமுறி போல்ட். சாதாரண போல்ட் போட்டால் அடுத்த தடவை சுலபமாக இருக்குமே என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, ‘அப்பறம் திருடனுக்கு நானே ஸ்பேனர் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிருமுங்க’ என்றார். நாக்கு பள்ளத்தில் சரியாக உட்காருகிறதா என்று தண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாவி போட்டபின் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முறுக்கினார். டக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். விழுந்த ரெண்டு தலையையும் எடுத்து அப்பா கையில் கொடுத்தார். பிடுங்கிய ஒயர்களை வெறும் டேப் சுற்றி விடாமல் ஈயம் வைத்து ஒட்டி, மேலே சுருங்கும் குழாய் போட்டு ஊதியிருந்தார்கள்.

சரி, இப்போது குறைகளுக்கு வருவோம், அதுவும் குறைவில்லை.

மூன்று நாள் என்றார், ஒன்பது நாள் ஆயிற்று. போன் போட்டால் எடுக்க மாட்டார், எடுத்தால் ‘பொழுதோட வாங்க’ என்பார், பொழுதோடு போனால் வண்டி காலையில் நின்ற இடத்தில் அப்படியே நிற்கும், சீட்டு வெளியே கிடக்கும், அதில் பூனை படுத்திருக்கும். நான் கோயமுத்தூர் போய் வந்ததில் ஒரு நாள் போயிற்று, அது என் கணக்கு. மீதியெல்லாம் அவர் கணக்கு. திருச்செங்கோட்டு ரிக் லாரி எதுவாவது வந்துவிட்டால் காரெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும், அவர்களுக்கு ஒரு நாள் நின்றால் ஒரு நாள் நஷ்டம், நமக்கென்ன என்ற மாதிரி ஒரு நீதி அங்கே நடக்கிறது. எனக்கு இந்த இடத்தை மச்சான் ஏன் சொன்னான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. நமக்கும் வேலைக்குப் போகப் பொழைப்புக்குப் போக வண்டி வேண்டாமா? ஆறாம் நாள் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். ‘போச்சாது உடுங்க, நாளைக்கு முடிச்சறலாம்’ என்றார். முடியவில்லை.

எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்றைக்கே ரெண்டு கோளாறு. ஒன்று, நேராகப் போகும்போது ஸ்டியரிங் வீலின் கை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. வீல் உட்காரும் பல்லில் ஒரே ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார்கள். கழற்றும்போது தண்டிலும் வீலிலும் ஒரு பெயின்ட் கோடு இழுத்து வைத்திருந்தால் இது வந்திருக்காது, போல்ட்டுக்கு அத்தனை பொறுமை காட்டியவர் இதில் எப்படிக் கோட்டை விட்டார் என்று தெரியவில்லை, அநேகமாக அதைப் பையன் மாட்டியிருக்க வேண்டும். ரெண்டாவது ஹாரன். பன்னீர்செல்வம் பார்க்கில் இடது பக்கம் ஒடித்துத் திரும்பினேன், ஹாரன் அதுபாட்டுக்கு அலற ஆரம்பித்துவிட்டது, வீலை நேராக்கும்வரை நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை வேறு, ஜவுளிச் சந்தைக்கு வந்த கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. முன்னால் மூட்டை ஏற்றிக்கொண்டு போன டி.வி.எஸ். எக்ஸெல்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே வந்துவிட்டார். அவரிடம் திருட்டுக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. திருப்பிக் கொண்டுபோய் விட்டதும் அரை மணி நேரத்தில் ரெண்டையும் சரிசெய்தார், காசு வாங்கவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். அதற்கு ஒரு மார்க் கூட்டலாம், முதலிலேயே ஓட்டிப் பார்த்துக் கொடுக்காததற்கு ரெண்டு மார்க் கழிக்கலாம்.

பில் கிடையாது. காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டல் போட்டுக் கொடுத்தார்: லாக் 1,650, வயரிங் 400, லேத்துக்கு 200, கூலி 2,200. நான் வாங்கிவந்த சுவிட்சும் கவரும் சேர்த்து மொத்தம் 5,300, ரெக்கவரி வண்டியையும் சேர்த்தால் 6,800. எங்களுக்கு வெறும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்தான், அதனால் பில் இல்லாதது பாதகமில்லை. முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் இதை யோசித்துவிட்டுப் போங்கள். திருட்டு முயற்சியில் வந்த சேதத்துக்கும் கிளைம் உண்டு, ஆனால் முறையான பில் இல்லாமல் நடக்காது. நடந்தாலும் பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகத்தில் பாதி, பிளாஸ்டிக்கில் பாதி தேய்மானமென்று கழித்துவிடுவார்கள், 1,500 சி.சி.க்குள் இருக்கும் காருக்கு அதற்கு மேலும் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும், கிளைம் போடாமல் சேர்த்த நோ கிளைம் போனஸும் போகும். இந்த அளவு வேலைக்குக் கிளைம் போடுவது சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்தான்.

யாருக்கு இந்தக் கடை? பழைய 800, ஜென், எஸ்டீம், அம்பாசடர் வைத்திருந்து, சாவி லாக்கிலோ ஸ்டியரிங்கிலோ தொல்லை வந்து, வீட்டில் இன்னொரு வண்டியும் இருந்தால் தாராளமாகப் போங்கள். ஸ்டியரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டி, சாவியில் சிப் உள்ள வண்டி என்றால் அவரே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார், என் கண்ணெதிரில் ஒரு ஸ்விஃப்ட்டை அனுப்பினார். ஒரே வண்டியை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள் போகாதீர்கள், வெசனம்தான் மிஞ்சும். போகும்போது காலையில் போங்கள், சாயங்காலம் அண்ணன் வேறு மாதிரி இருப்பார். கிளம்புமுன் அங்கேயே ரெண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹாரன் அடித்து, நேர் ரோட்டில் அரை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வண்டி திருடன் கை வைப்பதற்கு முன்னால் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதை எழுதும் வரை நாலு மாதம் ஓட்டிவிட்டோம், லாக்கில் ஒரு சின்னப் பிசகும் இல்லை.

அண்ணன் சொன்னதன் பேரில் கியர் லாக் ஒன்றும், பேட்டரியில் கையால் திருகி அணைக்கும் கட்-ஆஃப் குமிழ் ஒன்றும் தனியாக வாங்கி மாட்டினோம். குமிழ் 350 ரூபாய்தான், ஸ்பேனர் வேண்டாம், ரெண்டு சுற்றுச் சுற்றினால் போதும். மாட்டிக் கொடுத்துவிட்டு அப்பாவுக்கு எப்படித் திருகுவது என்று ரெண்டு தடவை காட்டினேன். கவனமாகப் பார்த்துக்கொண்டார். அன்று ராத்திரி சாளை வாசலில் பானெட் தூக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், குமிழைத் திருகி அணைத்துவிட்டு, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் ஒயரையும் கழற்றிக்கொண்டிருக்கிறார்.